தொண்டை நாட்டுத் தடங்கள் – 27: விலைக்கு வரையப்பட்ட முகங்கள்

தாமல் ஏரியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைப் படித்துவிட்டு அவ்வூர் வாசகி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அவர் வீட்டுப் பரணில் பாட்டி காலத்துக் கொலுப் பொம்மைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. தசாவதாரம், ராமர் பட்டாபிஷேகத்தோடு குறவன் குறத்தி ஜோடி, பாம்பாட்டி, தொந்தியும் தராசுமாக உட்கார்ந்திருக்கும் செட்டியார், கன்னங்கரேலென்று மை பூசி உதட்டை மட்டும் தடிக்கச் சிவப்பாக்கிய வேலைக்கார ஆள் என்று சிலவும் உண்டு. பழம்பொருள் வாங்குபவர் ஒருவர் இந்தச் சிலவற்றுக்குத்தான் நல்ல விலை சொல்கிறாராம். கல்லூரியில் படிக்கும் மகளோ இவற்றைப் படியில் வைத்தால் நான் கொலுவுக்கே வரமாட்டேன் என்கிறாளாம். விற்பதா, வைப்பதா, உடைத்துப் போடுவதா?

ஒரு வீட்டுப் பெட்டியைப் பற்றிய கேள்விதான். ஆனால் அதற்குப் பின்னால் 300 ஆண்டுக் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. நம் மனிதர்களைச் சாதிக்கு ஒன்றாக, தொழிலுக்கு ஒன்றாக வரைந்தும் வனைந்தும் விற்ற சந்தை அது. வாங்கியவர்கள் முதலில் வெளிநாட்டவர். பிறகு நாமும் வாங்கினோம். இந்த இதழில் அந்தச் சந்தையின் வழியே போய்வருவோம்.

தொடக்கத்தை ஒரு வெனிஸ் நகரத்தாரிடம் வைக்கலாம். முகலாய அரண்மனை வட்டாரத்தில் மருத்துவம் பார்த்து, பிறகு சென்னையிலும் புதுச்சேரியிலும் வாழ்ந்து மறைந்த நிக்கோலாவோ மனுச்சி, சோழமண்டலக் கரை ஓவியர்களைக் கொண்டு இந்நாட்டுத் தெய்வங்களையும் சடங்குகளையும் மக்களையும் வரையச் செய்தார். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தொகுப்பு வெனிஸுக்குப் போயிற்று. இன்றும் அங்குள்ள மார்சியானா நூலகத்தில் இருக்கிறது. 1782இல் பிரெஞ்சுக்காரர் பியர் சொன்னெரா தம் பயண நூலைப் பாரிஸில் அச்சிட்டபோது, நம் ஊர்த் தொழிலாளிகளின் உருவங்கள் செப்புத்தகட்டுப் படங்களாக அதில் ஏறின. ஆக, காஞ்சிபுரத்தைக் கண்ணால் பார்க்காத ஐரோப்பியர்கூடத் தமிழ்நாட்டு நெசவாளி எப்படி இருப்பான், செம்படவன் எப்படி இருப்பான் என்று படத்தைப் பார்த்துச் சொல்லும் காலம் வந்துவிட்டது.

இந்தச் சந்தை பெருகிய இடம் தஞ்சாவூர். 1773இல் ஆற்காட்டு நவாபுக்காகக் கம்பெனிப் படை தஞ்சைக் கோட்டையைப் பிடித்தது. 1776இல் துளஜா மன்னருக்கு அரசு திரும்பக் கிடைத்தது. ஆங்கிலப் படை மட்டும் திரும்பவில்லை. அங்கே தங்கிய துரைமார்களுக்கு ஊருக்கு அனுப்பவும் தாயகம் போகும்போது எடுத்துச் செல்லவும் ஏதாவது வேண்டியிருந்தது. அரண்மனைக்கும் கோயிலுக்கும் பணி செய்துவந்த சித்திரக்காரர்களுக்கோ புதிய வருமானம் வேண்டியிருந்தது. ஆங்கிலேயர் குறிப்புகளில் ‘மூச்சி’ என்று வரும் இந்த ஓவியர்கள், சீமையிலிருந்து வந்த நீர்க்குறித் தாளில் சீமை வர்ண முறையைக் கலந்து, தொகுதி தொகுதியாக வரைந்து கொடுத்தார்கள். இன்று ‘கம்பெனி ஓவியம்’ என்று அருங்காட்சியகங்கள் சொல்வது இதைத்தான். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் இவை ஏராளம். இவற்றை முறையாக ஆராய்ந்து வகைப்படுத்தியவர் மில்ட்ரெட் ஆர்ச்சர். அவருடைய பெரிய பட்டியல் நூல் 1992இல் வந்தது.

அந்தப் படங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். தாளின் அடியில் ஒரு பட்டை மண், அங்கங்கே சிறு புல் கொத்து, மேலே வெளிர் நீல வானம். நடுவில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அவன் கையில் தொழிற்கருவி. அவள் கையில் அந்தத் தொழிலுக்கான கூடையோ குடமோ நூலோ. வீடு கிடையாது, தெரு கிடையாது, பக்கத்து மனிதர் கிடையாது. பெயரும் கிடையாது, சாதிப் பெயர் மட்டும் உண்டு. ஒரு மாதிரியிலிருந்து பலமுறை படியெடுத்ததால் பத்தாண்டு இடைவெளியில் வரைந்த இரண்டு தொகுதிகளில் அதே குயவன் அதே கோணத்தில் நிற்பான். வரைந்த கை தேர்ந்த கை. பெண்ணின் சேலைக் கொசுவத்தில், ஆணின் தலைப்பாகை மடிப்பில் இருக்கும் கவனத்தை வியக்காமல் இருக்க முடியாது. அந்தக் கவனம் முகத்துக்கு வரும்போதுதான் நின்றுவிடுகிறது. வாங்குபவர் கேட்டது மனிதரை அல்ல, மாதிரியை.

மதுரையிலிருந்து அமெரிக்காவுக்குப் போன தொகுதி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டைச் செமினரியை 1823இல் தொடங்கிய டேனியல் பூவர் என்ற அமெரிக்கப் பாதிரியாரை ஈழத்து வாசகர்கள் நன்கு அறிவார்கள். அவர் 1836இல் மதுரைக்கு வந்தார். மறு ஆண்டு, இந்தியச் சாதிகளின் 72 மாதிரிகள் என்று ஆங்கிலத்தில் தலைப்பிட்ட, கையால் வரைந்து வண்ணம் தீட்டிய படத் தொகுதி ஒன்றை வில்லியம் ட்வைனிங் என்ற பாதிரியாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். இப்போது அது யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக் நூலகத்தில் இருக்கிறது. தமிழ் கற்று, தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணிதமும் வானியலும் சொல்லிக் கொடுக்கப் பள்ளி நடத்திய மனிதர் அவர். அவர்கூட ‘மாதிரிகள்’ என்ற சொல்லில் எந்தக் குறையும் காணவில்லை. பாறைத் துண்டுக்கும் பூச்சிக்கும் அன்று அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள்.

இதைவிடத் தெளிவாக எல்லாவற்றையும் காட்டிக்கொடுப்பவை மைக்கா ஓவியங்கள். காக்காப்பொன் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்த அப்பிரகத் தகடுகளில் திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் வரைந்து விற்றார்கள். தபாலில் அனுப்ப இலேசாக இருந்ததால் 19ஆம் நூற்றாண்டில் இவை நன்றாக விற்றன. மைக்கா ஓவியங்களில் விளையாட்டு போன்ற ஒரு வகை உண்டு. ஓர் அட்டையில் ஒரே ஒரு முகமும் பின்னணியும் வரைந்திருக்கும். கூடவே ஒரு கட்டு மைக்காத் தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் உடையும் நகையும் கையில் கருவியும் மட்டும் இருக்கும். முகம் வரும் இடம் வெறுமையாகக் கண்ணாடிபோல் விட்டிருக்கும். தகட்டை அட்டைமேல் வைத்தால் அந்த முகம் சிப்பாய் ஆகும். அடுத்த தகட்டை வைத்தால் பால்காரர், அதற்கடுத்து பண்டாரம், அதற்கடுத்து வண்ணார். சீமையில் ஒரு வரவேற்பறையில் குழந்தைகள் இதை மாற்றி மாற்றி வைத்து மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் அதை வரைந்த திருச்சிக்காரர், தெரிந்தோ தெரியாமலோ, ஓர் உண்மையை அந்த அட்டையில் எழுதிவிட்டார். முகம் எல்லோருக்கும் ஒன்றே. மேலே போர்த்தப்படுவதுதான் மாறுகிறது. இந்தியச் சாதி பற்றி ஐரோப்பியர் எழுதிக் குவித்த பக்கங்களில் எதிலும் இவ்வளவு நேரான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

படம் படத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதையை இத்தனை கவலையோடு எழுத வேண்டியதில்லை. 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்ற எட்டுத் தொகுதிகள் அரசு முயற்சியில் வெளிவந்தன, 468 புகைப்படங்கள். தூரிகையின் இடத்துக்குக் கேமரா வந்தது, முறை மாறவில்லை. 1885இல் சென்னை அருங்காட்சியகத்துக்குத் தலைவராக வந்த எட்கர் தர்ஸ்டன் அடுத்த படிக்குப் போனார். அளவுகோலை எடுத்து மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். அவர் க. ரங்காச்சாரியின் துணையோடு எழுதிய தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் 1909இல் அச்சாயின. தகவல் களஞ்சியம் என்ற முறையில் அதை இன்றும் புரட்டாமல் தென்னிந்திய வரலாறு எழுத முடியாது; நானும் புரட்டுகிறேன். மூன்றாம் தொகுதியில் செங்குந்தர் என்னும் கைக்கோளர் பற்றிய பகுதி இருக்கிறது. காஞ்சிபுரத்துச் செங்குந்த நெசவாளரை இன்னார், இப்படிப்பட்டவர் என்று அந்தப் பக்கங்கள் வகுத்துச் சொன்ன அதே 1909இல், செப்டம்பர் 15ஆம் தேதி, அதே காஞ்சிபுரத்தில் அதே நெசவாளர் குலத்தில் ஒரு குழந்தை பிறந்தது. 1967இல் அவர் தமிழ்நாட்டின் முதலமைச்சர் ஆனார். தர்ஸ்டனின் எந்த அளவுகோலும் அண்ணாதுரையை அளந்திருக்க முடியாது.

குறவர்களின் கதை இன்னும் கொடுமையானது. பிறப்பாலேயே ஒரு கூட்டத்தைக் குற்றவாளிகள் என்று அறிவிக்க இடம் தந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் வந்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குறவர் பிரிவுகள் பல அந்தப் பட்டியலில் ஏறின. ஆண்கள் காவல் நிலையத்தில் கைநாட்டுப் பதிந்து, இரவில் ஊரைவிட்டு நகராமல் கிடக்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல் ரத்தாகி, நாடு முழுவதும் 1952இல் ஒழிந்தது அந்தச் சட்டம். மனிதரைத் தனித்தனியே பார்க்காமல் மாதிரியாகப் பார்க்கும் கண், படத்தில் பழகிய கண், அரசாணையில் வந்து நின்றபோது இப்படித்தான் ஆயிற்று.

இனி நம் வீட்டுப் படிகளுக்கு வருவோம்.

சின்னக் காஞ்சிபுரத்தில் வரதராசர் கோயிலுக்குப் பக்கம் அஸ்தகிரி தெரு என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். பொம்மைக்காரத் தெரு என்றால் எல்லோரும் வழி காட்டுவார்கள். களிமண்ணிலும் காகிதக் கூழிலும் தலைமுறை தலைமுறையாகக் கொலுப் பொம்மை செய்யும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. காகிதத்தை ஊறவைத்து அரைத்து மாவோடு பிசைந்து, முன்பாதி பின்பாதி என இரண்டு அச்சில் அழுத்தி, எடுத்து ஒட்டி, வெயிலில் காயவைத்து, வெள்ளை பூசி, தேய்த்து, பிறகு வண்ணம். மழை பிடித்துக்கொண்டால் அந்த வார உழைப்பு வீண். வண்ணம் தீட்டுவதில் பெண்களின் கை அதிகம். 2019இல் வரதராசர் கோயிலின் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளி 48 நாள் காட்சி தந்தபின், அந்த ஆண்டு நவராத்திரியில் அத்திவரதர் பொம்மைகள்தான் கடைகளை நிறைத்தன. கேட்பதைச் செய்வார்கள் இந்தக் கலைஞர்கள். கேட்பது நாம்.

நாம் என்ன கேட்டோம்? மேற்படிகளில் தெய்வம், நடுவில் அடியாரும் மகான்களும், கீழ்ப்படியில் மனிதர். அந்த மனிதர்களில் பெரும்பாலோர் ஜோடியாகவே நிற்கிறார்கள்; ஒரு கருவி, ஒரு தொழில், ஒரு சாதி. தஞ்சாவூர்த் தாளில் நின்ற அதே நிலை. எல்லாப் பொம்மையும் ஒரே வகைக் குற்றம் செய்கிறது என்று நான் சொல்லமாட்டேன். செட்டியார் பொம்மையின் முன்னால் உண்மையான அரிசியும் பருப்பும் பரப்பி வைக்கும் பழக்கத்தில் கேலியைவிட உரிமை அதிகம். கடையும் பணமும் கையிலிருந்த சமூகம், தன் தொந்தியைப் பார்த்துத் தானே சிரிக்க முடியும். ஊருக்குள் இடமில்லாதவரைச் சிரிப்புக்கு வைப்பது வேறு. எடையைத் தூக்கிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

குறத்திப் பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு இரண்டு வேர். ஒன்று நம் இலக்கியத்திலும் சிற்பத்திலும் ஆழமாக ஓடுகிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வரும் குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்லி நிமிர்ந்து நிற்பவள். தலைவியின் கையைப் பிடித்துக் குறி சொல்பவள். நெல்லைக்கு அருகே கிருஷ்ணாபுரம் கோயில் தூணில் அரசகுமாரனைத் தூக்கிச் செல்லும் குறத்தியைப் பார்த்தவர்கள் அந்தக் கால்களின் வலுவை மறக்கமாட்டார்கள். இன்னொரு வேர் சந்தையில் இருக்கிறது. அது அவளை இடுப்பில் குழந்தை, கையில் ஊசிமணி பாசிமணி, பக்கத்தில் துப்பாக்கியோடு கணவன் என்று ஆக்கி வைத்தது. அதோடு இரண்டு சமூகங்களையும் ஒன்றாகக் குழப்பியும் விட்டது. தமிழ் பேசும் குறவர் வேறு. குஜராத்தி வழிப்பட்ட வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் வேறு. தோற்றத்தில், மொழியில், வழிபாட்டில் வேறானவர்களை ஒரே அச்சில் வார்த்து ஒரே பெயரில் விற்றுக்கொண்டிருக்கிறோம்.

2021இல் மாமல்லபுரத்தில் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து நரிக்குறவர் பெண் ஒருவர் எழுப்பி விடப்பட்டார். அவர் பேசிய காணொளியை நாடே பார்த்தது. அமைச்சர் அவரோடு பந்தியில் அமர்ந்து உண்டார். நவம்பர் 4, தீபாவளி நாளில் முதலமைச்சர் ஸ்டாலின் அந்தப் பெண் வசித்த பூஞ்சேரிக்கே போய்ப் பட்டா வழங்கினார். நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. குறவன் குறத்தி ஆட்டம் ஆபாசமாகவும் இழிவாகவும் ஆகிவிட்டதென்று குறவர் தரப்பில் நெடுநாள் எழுந்த முறையீடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், 2023 மார்ச்சில் அரசு அந்த ஆட்டத்தைத் தடை செய்தது. நவராத்திரி ஒன்பது நாளும் நம் கூடத்துப் படியில் அமர்ந்திருந்த உருவத்துக்குச் சொந்தக்காரர், பந்தியில் அமர்ந்தபோது எழுப்பப்பட்டார். தாமல் வீட்டு மகளின் கோபத்துக்கு இதைவிட வேறு நியாயம் தேட வேண்டியதில்லை.

ஆனால் உடைப்பதா? இந்தக் கேள்வியை நம்மைவிட முன்னால் சந்தித்தவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். அங்கே தென் மாநிலங்களில் கையால் தைத்த துணிப் பொம்மைகள், செதுக்கிய மர உருவங்கள், உப்புக் குப்பிகள் என்று கறுப்பினத்தவரைப் பெருத்த உதடும் உருண்ட கண்ணுமாகக் காட்டிய பொருள்கள் ஒரு நூற்றாண்டுக் காலம் வீடுதோறும் இருந்தன. சமையற்காரி ‘மாமி’ உருவம் அவற்றில் மிகப் பரவலானது. இன்று அவை பழம்பொருளாக நல்ல விலைக்குப் போகின்றன, போலிகளும் நிறைய. அலபாமாவின் மொபைல் நகரில் வளர்ந்த டேவிட் பில்கிரிம் 1970களின் தொடக்கத்தில், பன்னிரண்டு பதின்மூன்று வயதில், அப்படியோர் உருவத்தைக் காசு கொடுத்து வாங்கி, விற்றவர் கண் முன்னாலேயே தரையில் போட்டு உடைத்தார். பிறகு சமூகவியல் பேராசிரியரான அவர் உடைப்பதை விட்டுச் சேகரிக்கத் தொடங்கினார். தாம் சேர்த்த ஏறத்தாழ 2,000 பொருள்களை, காட்சிக்கு வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, 1996இல் மிச்சிகனில் உள்ள ஃபெரிஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 2012இல் அதற்கென்று முழு அருங்காட்சியகம் திறந்தார்கள். நிறவெறிச் சட்டங்களின் பெயரால் அது ஜிம் குரோ அருங்காட்சியகம் எனப்படுகிறது. பெட்டி சார் என்ற கறுப்பினப் பெண் கலைஞர் வேறு வழி கண்டார். 1972இல் அதே மாமி உருவத்தை எடுத்து, ஒரு கையில் துடைப்பத்தை அப்படியே விட்டு, மறு கையில் துப்பாக்கியைக் கொடுத்தார். இழிவுபடுத்தப்பட்டவர்களே அந்தப் பொருளைக் கையிலெடுத்து, இன்னாருக்காக, இந்தக் காலத்தில், இந்த நோக்கத்தில் செய்யப்பட்டது என்று சொல்லும்போது, அது சாட்சியாகிறது.

எனவே வாசகிக்கு என் பதில் இது. உடைக்க வேண்டாம். படியிலும் வைக்க வேண்டாம். உங்கள் மகள் சொல்வது சரி. விலை பேசுபவரிடம் இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்: யார் வாங்கியது, எந்தத் தெருவில், எந்தக் கலியாணத்துச் சீர், வீட்டில் அதை எந்தப் பெயர் சொல்லி அழைத்தார்கள். கரியாக மை பூசிய அந்த வேலைக்கார ஆளைப் பற்றியும் தவறாமல் எழுதுங்கள். அவனைப் போன்ற ஆள் உண்மையில் உங்கள் வீட்டில் வேலை செய்திருந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள். மங்கிவிட்டதே என்று புதுப் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். மேல் பூச்சு போனால் அது எந்தக் காலத்துப் பொம்மை என்பதற்கான சான்றும் போய்விடும்.

சேகரிப்போருக்கும் ஒரு சொல். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த ஓவியத்தையோ சிற்பத்தையோ தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலும் மற்ற இடங்களிலும் வீடு பிரித்த சாமான்களோடு இத்தகைய படங்களும் பொம்மைகளும் வருகின்றன. எந்த ஊர், எந்த வீடு என்பதைக் கேட்காமல் வாங்கும்போது பொருளின் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். அழகாக இருக்கிறது என்று சுவரில் மாட்டுபவர்கள், அதன் கீழே அந்தப் படத்தில் இருப்பவர் எந்தச் சமூகத்தவர் என்பதோடு, அந்தச் சமூகத்துக்கு அப்போது என்ன சட்டம் இருந்தது என்பதையும் எழுதி மாட்டட்டும்.

பொம்மைக்காரத் தெருவில் பழைய அச்சுகள் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து உடைந்து குப்பைக்குப் போகின்றன. அரசு அருங்காட்சியகத் துறை அவற்றை ஒன்றுவிடாமல் படமெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பணியில் அச்சை வெட்டிய கலைஞர் குடும்பங்களோடு குறவர், நரிக்குறவர் சமூகத்துப் படித்த இளைஞர்களும் சம்பளத்தோடு அமர்த்தப்பட வேண்டும். எந்த உருவத்தின் கீழே என்ன எழுதுவது என்பதை அவர்கள் சொல்லட்டும். உங்கள் வீடுகளில் 50 ஆண்டுக்கு மேற்பட்ட காஞ்சிபுரம் பொம்மைகள் இருந்தால், படமும் விவரமும் எழுதி இதழுக்கு அனுப்புங்கள்.